மரம் ஏறாத மலை

தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டு கடைவீதியில் டீ கிளாஸோடு நிற்பவர்களின் பார்வை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடிக்கடி தெற்கே போகும். மேகம் இறங்கி மலையை மூடிவிட்டால் பேச்சு தானாக ஆற்றுக்கு வந்துவிடும். "மாமா, ஆத்துல தண்ணி வருதாம்ல?" என்பான் இளவட்டம் ஒருவன். "வெள்ளிமலைல பேஞ்சிருக்கும்டா மாப்ள. பொழுது சாயுறதுக்குள்ள இங்க வந்துரும் பாரு" என்பார் பெரியவர், மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மூல வைகை என்று இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் அந்த ஆறு, ஆண்டில் பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடப்பது. அது ஓடத் தொடங்கினால் தென்னந்தோப்புக் கிணறுகளில் ஊற்று ஏறும். 71 அடி வைகை அணையின் கணக்கில் நாலு விரல்கடை கூடும். கீழே இருப்பவர்கள் பார்ப்பது ஆற்றை. அந்த ஆற்றை வைத்து நடத்துவது மேலே, வருசநாட்டு மலையில் பஸ் போகாத உயரத்தில் இருக்கும் சோலைக்காடும் அதைச் சுற்றிய புல்மேடும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் புல்மேடு மொட்டையாகத் தெரியும். "மேலே ஒண்ணும் இல்ல, புல்லுதான்" என்று சொல்லிவிடுவார்கள்.

உலகத்தின் வடகோடியிலும் இப்படி "ஒன்றும் இல்லை" என்று பெயர் வாங்கிய நிலம் ஒன்று இருக்கிறது. பள்ளிப் புவியியல் புத்தகத்தில் துருவக்கரடி படத்தோடு ஒரு பக்கத்தில் முடிந்துபோகும் தூந்திரா. வடதுருவத்தைச் சுற்றி அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து கரையோரம், நார்வேயின் வடமுனை, சைபீரியா என்று ஒரு வளையமாகக் கிடக்கும் மரமற்ற நிலம். சாமி மக்களின் மொழியிலும் பின்னிஷ் மொழியிலும் மரமில்லாத குன்றைக் குறித்த ஒரு சொல், ரஷ்ய மொழி வழியாக உலகத்துக்கு வந்து தூந்திரா ஆனது. பெயரிலேயே பனி கிடையாது. மரம் இல்லை என்பதுதான் அடையாளம். அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், வருசநாட்டு மலைத்தலைகளுக்கும் துருவத்துக்கும் எட்டத்து உறவு ஒன்று இருப்பது தெரியும்.

முதலில் துருவத்துக்குப் போய்விட்டு வரலாம்.

அங்கே குளிர்காலச் சராசரி சுழியத்துக்குக் கீழே 30 டிகிரியைத் தாண்டிப் போகும். கோடை என்பது 50, 60 நாள். அந்தக் கோடையிலும் வெப்பம் 3 டிகிரிக்கும் 12 டிகிரிக்கும் நடுவில்தான் நிற்கும். மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 150 முதல் 250 மில்லிமீட்டர். மழை மறைவுப் பக்கம் என்று நாம் அலுத்துக்கொள்கிற ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு வட்டாரம்கூட இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நனைகிறது. கணக்குப்படி தூந்திரா ஒரு பாலைவனம். ஆனால் கோடையில் அங்கே கால் வைத்தால் சதுப்பு. குட்டையும் சேறும் கொசுவுமாக இருக்கும். கொசு என்றால் நம் ஊர்க் கொசு மாதிரி காதோரம் பாடிவிட்டுப் போவதில்லை. கலைமான் கூட்டங்கள் மேய்ச்சலை விட்டுவிட்டுக் காற்றடிக்கும் மேட்டைத் தேடி ஓடும் அளவுக்கு மேகமாக எழும்பும்.

பெய்வது இவ்வளவு குறைவாக இருக்க, தண்ணீர் எங்கிருந்து தேங்குகிறது? மண்ணுக்குக் கீழே பதில் இருக்கிறது. தூந்திராவின் அடிநிலம் ஆண்டு முழுக்க உறைந்தே கிடப்பது. நிரந்தர உறைநிலம் என்று இதைச் சொல்கிறார்கள். சைபீரியாவின் சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை மண், கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டி. கோடையில் மேல்தோல் மட்டும், முழங்கால் ஆழமோ இடுப்பு ஆழமோ, இளகும். உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. சிமெண்டுத் தளத்தின் மேல் கொட்டிய மண்ணில் விவசாயம் செய்வதாக நினைத்துக்கொண்டால் நிலைமை பிடிபடும். ஆணிவேர் இறக்க நினைக்கும் மரம் அங்கே என்ன செய்யும்?

ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அங்கே மரம் வளராது என்று தாவரவியலாளர்கள் ஏறக்குறைய ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு வடக்கே மரம் சாகவில்லை, படுத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். துருவ வில்லோ என்ற செடி, வில்லோ மரத்தின் நேரடிச் சொந்தம். உயரமோ சில சென்டிமீட்டர். நாற்றங்காலில் நிற்கும் நெல் நாற்று அதற்கு அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். தண்டை வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பென்சில் பருமனுக்குள் பல பத்தாண்டு வளையங்கள் இருக்கும். மேலே எழும்பினால் காற்று அறுக்கும். தரையோடு கிடந்தால் மண்ணின் சூடும் பனிப்போர்வையும் காப்பாற்றும். பக்கத்திலேயே மெத்தைபோல் குவிந்து வளரும் செடிகள். துருவக் கசகசா என்ற மஞ்சள் பூ, கிண்ணம்போல விரிந்து சூரியன் போகும் திசைக்கெல்லாம் முகத்தைத் திருப்புகிறது. மாடியில் டிஷ் ஆன்டெனா திருப்புவதைப் போல. கிண்ணத்துக்குள் சேரும் அந்தக் கொஞ்சச் சூட்டுக்காகப் பூச்சிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மகரந்தம் மாறுவது அந்தத் திண்ணைக்கு வாடகை.

இவற்றுக்கும் கீழே, பாறையிலும் மண்ணிலும் கற்பாசி. பாசியும் பூஞ்சையும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர். கலைமான்கள் குளிர்காலம் முழுக்கப் பனியைக் குளம்பால் பறித்து இதைத்தான் தின்கின்றன. வளர்ச்சி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். ஒரு மந்தை அளவுக்கு மீறி மேய்ந்துவிட்டால், அந்த இடம் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

விலங்குகளில் காதைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். நம் காட்டு யானைக்குக் காது முறம். உடம்புச் சூட்டை விசிறி வெளியே தள்ள வேண்டும். துருவ நரிக்குக் காது சின்னஞ்சிறிது, பாதத்தின் அடியிலும் மயிர். சூட்டைச் செலவழிக்க அதற்குக் கட்டாது. கலைமானின் கண் இன்னும் வேடிக்கை. கோடையில் அதன் விழிக்குள்ளிருக்கும் கண்ணாடிப் படலம் பொன்னிறமாக மின்னும். சூரியனே வராத குளிர்காலத்தில் அதே படலம் நீலமாகிவிடும். மங்கலான வெளிச்சத்தை மேலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. 2013இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

ஆனால் தூந்திராவின் கதாநாயகன் கரடியோ மானோ அல்ல, ஒரு தரை அணில் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அலாஸ்காவின் துருவத் தரை அணில் ஆண்டில் ஏழெட்டு மாதம் வளைக்குள் உறங்குகிறது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் பிரையன் பார்ன்ஸ் 1989இல் அதன் உடம்புக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, சுழியத்துக்குக் கீழே 2.9 டிகிரி வரை போயிருந்தது. தண்ணீர் ஐஸாகும் வெப்பநிலையைவிடக் குறைவு, ஆனால் ரத்தம் உறையவில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடம்பு தானாக நடுங்கிச் சூடேறி, சில மணி நேரம் வழக்கமான வெப்பத்துக்கு வந்து, மறுபடி அடங்கிவிடுகிறது.

இந்த வகை அணிலின் பழைய பாட்டன் ஒன்று செய்த காரியம் இன்னும் பெரிது. சைபீரியாவில் கோலிமா ஆற்றங்கரையில், 38 மீட்டர் ஆழத்து உறைநிலத்தில், அணில் வளை ஒன்றில் அது சேமித்து வைத்த காய்கள் கிடைத்தன. சுமார் 32,000 ஆண்டு பழசு. அந்தக் காயின் திசுவிலிருந்து ரஷ்ய விஞ்ஞானிகள் செடியை வளர்த்துப் பூக்கவும் வைத்துவிட்டார்கள். 2012இல் செய்தி வெளியானது. பிரிட்ஜ் என்று ஒரு சாதனத்தை மனிதன் கண்டுபிடித்ததாகப் பெருமைப்படுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கும் தூந்திராவில் ஒரு வீடு உண்டு. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நீ-ஆலெசுண்ட் என்ற சிற்றூரில் 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அது. கோவாவில் இருக்கும் தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அதை நடத்துகிறது. அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் அங்கே பிப்ரவரியில்தான் திரும்புகிறது. 2023 டிசம்பரில் இருந்து அந்த இருட்டு மாதங்களிலும் இந்திய ஆய்வாளர்கள் தங்கத் தொடங்கியிருக்கிறார்கள். துருவத்துப் பனி உருகும் கணக்குக்கும் நம் பருவமழையின் போக்குக்கும் உள்ள தொடர்பு என்ன என்பது அவர்கள் தேடும் விடைகளில் ஒன்று.

சரி, அவ்வளவு தூரம் போக முடியாதவர் என்ன செய்வது? மலையேறலாம்.

1802இல் ஈக்வடாரின் சிம்போராசோ மலையில் ஏறிய ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் இதை அழகாகக் கண்டுகொண்டார். அடிவாரத்தில் வெப்பமண்டலக் காடு, மேலே போகப் போகக் குளிர்நாட்டு மரங்கள், அதற்கும் மேலே புல்லும் பாசியும், உச்சியில் பனி. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை நடந்தால் என்னென்ன வருமோ அத்தனையும் ஒரே மலையின் விலாவில் அடுக்கியிருந்தன. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது இன்றைய கணக்கு. இமயமலையில் மரக்கோடு முடியும் இடத்துக்கு மேலே இருப்பதை உயர்மலைத் தூந்திரா என்றே சொல்கிறார்கள். உத்தரகாண்டில் அந்தப் புல்வெளிகளுக்குப் புக்யால் என்று பெயர். மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா அப்படிப்பட்ட இடம்தான்.

தமிழ்நாட்டில் மரக்கோட்டைத் தாண்டும் உயரம் கிடையாது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். கேரளப் பக்கத்து ஆனைமுடி 2,695. இந்த அகலாங்கில் மரம் இன்னும் மேலே போகக்கூடிய உயரங்கள் இவை. போயும் இருக்கிறது: மடிப்பு மடிப்பான ஓடைப் பள்ளங்களில் குட்டையான, நெருக்கமான சோலைக்காடு. ஆனால் சோலை முடிந்ததும், வேலி போட்டதுபோல், புல்வெளி தொடங்கிவிடுகிறது. அதே மலை, அதே மழை. பத்தடி இந்தப் பக்கம் அடர்காடு, பத்தடி அந்தப் பக்கம் ஒரு மரம்கூட இல்லை. இது ஏன் என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாவரவியலாளர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். மனிதன் வெட்டினான், எரித்தான் என்றது ஒரு கட்சி. இல்லை, குளிர் செய்த வேலை என்றது இன்னொரு கட்சி.

குளிர் என்ன செய்யும் என்பதை ஊட்டிக்காரர்களைக் கேட்டால் தெரியும். கார்த்திகைவாக்கில் அங்கே முதலில் நீர்ப்பனி கொட்டும். பிறகு உறைபனி. மேகமில்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விட, விடியும்போது புல்நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் பனி காணாமல் போகும்; இரண்டு நாள் கழித்துத்தான் சேதம் தெரியும். தேயிலைக் கொழுந்து வெந்நீர் ஊற்றியது போலக் கருகி நிற்கும். சிறு விவசாயிகள் தாகைச் செடியை வெட்டிவந்து தேயிலைமேல் போர்த்துகிறார்கள். தாவரவியல் பூங்காவில் பூ நாற்றுகளுக்குக் கோத்தகிரி மிலார் செடியால் பந்தல்போல மூடாக்குப் போடுவது ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடக்கும் வேலை.

சோலை மரத்தின் நாற்றுக்கு யார் மூடாக்குப் போடுவது? சோலைக்குள் முளைத்தால் தாய்மரங்களின் கிளையே கூரை. பறவை எச்சத்தோடு விழுந்து புல்வெளியில் முளைத்துவிட்டால் முதல் உறைபனியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் நீலகிரியில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு இதுதான். சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே கோடு கிழித்து வைத்திருப்பது உறைபனி. புல் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? புல்லுக்கு உயிர் நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது. மேலே கருகட்டும், மாடு கடிக்கட்டும், தீயே பிடிக்கட்டும். கீழிருந்து மறுபடி துளிர்க்கும். துருவத்து வில்லோவும் நீலகிரிப் புல்லும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே தந்திரம்: தலையைத் தூக்காதே, உயிரைத் தரையோடு வை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். தூந்திராவின் குளிர் ஆண்டுச் சுழற்சியில் வருவது. எட்டு ஒன்பது மாதம் குளிர், இரண்டு மாதம் இளகல். நம் மலைகளில் குளிரும் வெயிலும் ஒரே நாளுக்குள் முறைமாற்றிக்கொள்கின்றன. ஜனவரியில் விடிகாலை சுழியம், நடுப்பகல் இருபது டிகிரி. துருவத்துச் செடி வருடத்துக்கு ஒரு முறை தாங்குவதை இங்குள்ள செடி தினமும் தாங்குகிறது.

வருசநாட்டை ஒட்டிய மேகமலைக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டங்கள் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். ஊட்டியின் உறைபனி அங்கே எதிர்பார்க்க முடியாது. இங்கே புல்லை மரத்திடமிருந்து காப்பாற்றுவதில் ஓயாத மேல்காற்றுக்கும், பாறையை ஒட்டிய மெல்லிய மண்ணுக்கும், கோடைத் தீக்கும் பங்கு அதிகம். அந்தத் தீயின் முகத்தைத் தேனி மாவட்டம் 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணியில் பார்த்தது. காய்ந்த மலைப்புல் எவ்வளவு வேகத்தில் எரியும் என்பது தெரியாமல் அந்தச் சரிவில் நடக்கக் கூடாது.

இந்தப் புல்வெளிகள் மனிதன் உண்டாக்கியவை என்ற கட்சி 1993இல் பலமாக அடிவாங்கியது. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணைத் தோண்டி, அதில் இருந்த கார்பனின் வகையைப் பிரித்துப் பார்த்தார்கள். புல் விட்டுச்செல்லும் கார்பனுக்கும் மரம் விட்டுச்செல்லும் கார்பனுக்கும் கையெழுத்து வேறு. சுமார் 20,000 ஆண்டுக் கதை அந்த மண்ணில் அடுக்காக எழுதியிருந்தது: உலகம் உறைந்து வறண்டிருந்தபோது புல் பரவியது, ஈரம் கூடியபோது காடு முன்னேறியது, மறுபடி பின்வாங்கியது. மலையில் கோடாரி ஓங்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே புல் அங்கே குடியிருந்தது. அந்தக் கரிமண்ணே தூந்திராத்தனமான பொருள்தான். குளிரும் நீர்த்தேக்கமும் சேர்ந்தால் செத்த செடி மக்க மாட்டாது. அடிமேல் அடியாகப் படிந்து தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெய்த மழை அன்றே ஓடிப்போகாமல் கோடைவரை ஓடையில் கசிவது இப்படி ஊறிக்கிடக்கும் மண்ணால்.

செடிகளிலும் உறவுமுறை தெரியும். நம் உயர்மலைகளில் சோலை ஓரத்தில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு, ரோடோடென்ட்ரான் இனம். அதன் சொந்தங்கள் பெரும்பாலும் இமயத்தில். அதே இனத்தின் ஒரு குட்டைத் தம்பி துருவத் தூந்திராவில் தரையோடு கிடக்கிறான். சத்தில்லாத ஈரமண்ணில் பூச்சி பிடித்துத் தின்னும் பனித்துளிச் செடி நம் மலைப்புல் நடுவிலும் உண்டு, வடநாட்டுச் சதுப்பிலும் உண்டு. குறிஞ்சியைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை என்பதால் ஒரே வரி: 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

விலங்குகளில் இந்த உறவின் சாட்சி வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாடல்களில் வருடை. வருடை நாடுதான் வருசநாடு ஆனது என்று சொல்வோர் இந்தப் பக்கத்தில் உண்டு. சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புவார்களோ மாட்டார்களோ, வருசநாட்டு மலைகளில் வரையாடு இன்றும் இருக்கிறது என்பது மட்டும் உறுதி. செங்குத்துப் பாறை விளிம்பில் நான்கு குளம்பையும் ஒரு கைக்குட்டை அகலத்துக்குள் வைத்து நிற்கும். வயதான கிடாய்க்கு உடம்பு கருத்து, முதுகில் சேணம் போட்டதுபோல் வெள்ளிநிறம் படரும். மேயப் புல்வெளி, ஓடி ஒளியப் பாறை, இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும்; சோலைக்குள் அது குடியிருப்பதில்லை. மலைமேல் மிகக் குளிரான ஜனவரி, பிப்ரவரியில்தான் குட்டி போடும். மூணாறு பக்கத்து இரவிகுளம் பூங்காவைக் குட்டிகளுக்காகவே பிப்ரவரி, மார்ச்சில் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள்.

பேரில் ஆடு என்றாலும் வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் இது நெருங்கிய சொந்தம் என்று 2005இல் மரபணு ஆய்வு காட்டியது. இமயத்துத் தார் ஆட்டோடு சேர்த்து வைத்திருந்த பெயரை எடுத்துவிட்டு, நீலகிரியின் பெயரில் இதற்கென்று தனிப் பேரினமே வைத்தார்கள். இதே ஆட்டுக் குடும்பத்தில் இன்னொருவர் துருவத்தில் இருக்கிறார்: கஸ்தூரி எருது. தரைவரை தொங்கும் மயிரோடு எருமைபோல் நிற்கும்; எருது என்று பெயர் வைத்தவர்களும் ஏமாந்துதான் போனார்கள். தோற்றத்தில் மாடு, கோத்திரத்தில் ஆடு. ஓநாய் வந்தால் குட்டிகளை நடுவில் விட்டு வட்டமாக நின்று கொம்பைக் காட்டும். பாறை இல்லாத சமவெளியில் வாழும் ஆட்டுக்குச் சொந்தக்காரர்களின் உடம்பே பாறை.

2023 அக்டோபர் 12 அன்று தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் நீலகிரி வரையாடு திட்டத்தைத் தொடங்கியது. 1975இல் வரையாட்டைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031. 2025 ஏப்ரலில் கேரளத்தோடு சேர்ந்து எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,303, இரு மாநிலத்துக்கும் சேர்த்து 2,668. உலகத்திலேயே அவ்வளவுதான். கடமலைக்குண்டு சந்தை நாளில் கூடும் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடு குறைந்ததற்கு வேட்டை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மரமில்லாத நிலத்தைப் பார்த்துவிட்டால் கை துறுதுறுக்கும் நம் வழக்கம். வெள்ளைக்காரன் வந்தபோது இந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று எழுதினான். தேயிலை வைத்தான். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதையே ஆலைகளுக்காகப் பெரிதாகச் செய்தோம், அதுவும் காடு வளர்ப்பு என்ற நல்ல பெயரில். பெரியகுளத்துக்கு மேலே நிற்கும் பழனி மலைகளில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் வந்த செயற்கைக்கோள் ஆய்வு கணக்குச் சொன்னது. கொடைக்கானலில் இறங்கி "எவ்வளவு பசுமை!" என்று படம் எடுப்பவர்கள் பல இடங்களில் அந்த இழப்பைத்தான் படம் எடுக்கிறார்கள்.

சீகையிடம் இன்னொரு சங்கடம் உண்டு. ஜோஷி குழுவின் ஆய்விலேயே அது வெளிப்பட்டது: சோலை நாற்றைக் கொல்லும் உறைபனியை இந்த வந்தேறி நாற்று சமாளித்துக்கொள்கிறது. பூமி சூடாகி உறைபனி நாட்கள் குறைந்தால் சீகைக்கு இருந்த கொஞ்சத் தடையும் விலகும். விதையோ மண்ணுக்குள் பல ஆண்டு தூங்கும். மரத்தை வெட்டினால் வெளிச்சம் பட்டுக் கூட்டமாக முளைக்கும்.

துருவத்திலும் இதே கதை வேறு உடையில் நடக்கிறது. வடதுருவப் பகுதி 1979க்குப் பிறகு உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று 2022இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். படுத்துக் கிடந்த புதர்கள் எழுந்து நிற்கத் தொடங்கியிருக்கின்றன. தூந்திராவின் ஓரங்களில் புதர்க்காடு பரவுகிறது. உறைநிலம் இளகி வீடுகள் சாய்கின்றன. அதற்குள் பூட்டிக்கிடக்கும் கார்பன், இப்போது காற்றில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மக்காமல் கிடந்தது மக்கத் தொடங்கினால் அது கரியமிலவாயுவாகவும் மீத்தேனாகவும் மேலே வரும்.

அந்தச் சூடு நமக்கென்ன என்று கேட்பவர், மார்கழியில் கோடியக்கரைக்கு ஒரு நடை போய்வரலாம். உப்பளச் சேற்றில் சிட்டுக்குருவி அளவுக்கு ஒரு பறவை, நூற்றுக்கணக்கில், தையல் மிஷின் ஊசிபோல அலகை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கும். கொசு உள்ளான். பக்கத்தில் வளைந்த அலகோடு இன்னொரு உள்ளான் வகை. இரண்டும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது சைபீரியத் தூந்திராவில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் இவற்றைப் பிடித்து வளையம் மாட்டி அனுப்பிவருகிறது. மேலே சொன்ன கொசு மேகங்கள்தான் குஞ்சுகளுக்கு உணவு. அந்த ஐம்பது அறுபது நாள் கோடையில் பூச்சி எழும்பும் நேரமும் குஞ்சு பொரியும் நேரமும் ஒத்துப்போனால்தான் நம் கடற்கரைக்கு வந்துசேரும் கூட்டம் பெரிதாக இருக்கும். பனி முன்கூட்டி உருகி அந்த நேரம் தவறினால், நஷ்டம் வேதாரண்யம் சேற்றில் தெரியும்.

வருசநாட்டு மலைக்கு இப்போது சட்டத்தின் காவல் கொஞ்சம் பலமாகியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் 51ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூல வைகையின் நீர்ப்பிடிப்பு அதற்குள் வருகிறது. 2022இல் அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கை, சீகையையும் உண்ணிச் செடியையும் அகற்றி அந்தந்த இடத்தின் பழைய இயல்பை மீட்க வேண்டும் என்கிறது. வரையாடு திட்டத்திலும் புல்வெளியை மீட்பது ஒரு வேலை. புல் நடுவதற்கு அரசுப் பணம் ஒதுக்கப்படும் காலம் வந்திருப்பது, மரம் நட்டே பழகிய வனத்துறைக்குச் சின்ன மாற்றம் இல்லை.

ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் வந்தால் மலையில் மரக்கன்று நட வாருங்கள் என்று பள்ளிக்கும் சங்கத்துக்கும் அழைப்பு வரும். போவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன கன்று, எந்த இடம்? ஊருக்குள், ஆற்றங்கரையில், வெட்டப்பட்ட காட்டில் என்றால் மண்வெட்டியோடு போங்கள். மலைத்தலையில் புல்மேடு காலியாகக் கிடக்கிறது, அங்கேதான் என்றால், அது காலி இல்லை என்று சொல்லிக் கன்றைக் கீழே கொண்டுவந்து நடச் சொல்லுங்கள்.